சுடக்கூடாத அட்டை

2017 நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவுக் காட்சி. திருப்பூரில் ஞாயிறு ராத்திரி ஷோ என்றால் பாதித் தியேட்டர் பனியன் கம்பெனிக்காரர்கள்தான். சனிக்கிழமை வாங்கின வாரச் சம்பளம் அன்றைக்கு மட்டும் சட்டைப்பையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அப்போது நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் அடிக்கும் ஒடிசாக்காரப் பையன். ஊருக்கு வந்து மூன்று வருஷம், தமிழ் ஓரளவு வரும். படம் 'தீரன் அதிகாரம் ஒன்று'.

நெடுஞ்சாலையில் லாரி நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். ஒதுக்குப்புற வீட்டின் கதவு உடைகிறது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பின்பாதியில் கார்த்தி திருப்பி அடிக்கும்போது விசில் காதைப் பிளந்தது. நானும் அடித்தேன். அவனும்தான் அடித்தான்.

படம் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது சொன்னான்: "அண்ணா, படம் சூப்பர். ஆனா இனிமே என்னை லாரி பக்கத்துல நிக்க வெக்காதீங்க. லோடு ஏத்த வேற ஆளைக் கூப்பிடுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் அவன் குடியிருந்த லைன் வீட்டுக்காரர் வடக்கத்திப் பையன்கள் இருந்த அறைகளுக்கு மட்டும் போய் ஆதார் நகல் கேட்டிருக்கிறார். ஏனுங்க திடீர்னு என்று நான் விசாரித்தபோது, "படம் பாத்தீங்கல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு அப்புறம் அந்த லாரி ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தை அதன்பின் மூன்று தடவை பார்த்துவிட்டேன். இன்றைக்கும் எனக்குப் பிடித்த படம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "போலீஸைப் புகழ்கிறது, அதனால் மோசம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போவது என் நோக்கம் இல்லை. நம் சினிமாவில் துப்பாக்கி அதிகமாகிவிட்டது என்று அங்கலாய்ப்பதும் இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: துப்பாக்கி பிடிக்கப் பழகும் ஒருவன் உண்மையில் எதைப் பழகுகிறான்? அதில் எந்தப் பாதியை நம் படங்கள் எடுத்துக்கொண்டன, எந்தப் பாதியை விட்டுவிட்டன?

*

நான் துப்பாக்கியைத் தொட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. கல்லூரி என்.சி.சி. முகாமில். .22 ரைபிள், 25 மீட்டரில் அட்டை, குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு. அந்த ஐந்து ரவுண்டுக்காக ஒரு வாரம் வெறும் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்தோம். முழங்கை தேய்ந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் சுடுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அவர் ஓயாமல் கத்தியது, "விரல் வெளியே! விரல் வெளியே!" என்றுதான். கட்டளை வரும்வரை ட்ரிகரில் விரல் போகக்கூடாது. குழல் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் படுத்திருப்பவன் கூப்பிட்டால்கூடத் துப்பாக்கியோடு திரும்பக்கூடாது. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாவை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. வெயிலில் அத்தனை பேரும் மண்டியிட்டுப் புல்லைத் தடவினோம். அது கிடைத்த பிறகுதான் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

சினிமாவில் ஸ்லோமோஷனில் தெறிக்கும் காலித் தோட்டாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாருங்க பொறுக்குவாங்க என்றுதான் எனக்குத் தோன்றும்.

ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க யூட்யூபில் பயிற்சி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்ற உலகம் தெரிய வந்தது. ஒரே இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற ஒலிம்பிக் விளையாட்டு இல்லை இது. ஓடவேண்டும், குனியவேண்டும், சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கவேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 1976ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் கூடி இதற்கென ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். தற்காப்புச் சூழலையே மையமாக வைத்து 1996ல் ஐ.டி.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பு வந்தது. நம்மூர் ரைபிள் கிளப்களில் பெரும்பாலும் 10, 25, 50 மீட்டரில் நின்ற இடத்திலிருந்து காகிதத்தைச் சுடுவதுதான். ஓடிச் சுடுவது, வண்டியிலிருந்து இறங்கிச் சுடுவது எல்லாம் இங்கே அதிகமும் போலீஸும் ராணுவமும் பழகுகிற வேலை.

அந்த வீடியோக்களில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது உடம்பு. நூறு மீட்டர் ஓடவிட்டு, தரையில் விழுந்து எழுந்திருக்கச் செய்து, மூச்சு இரைக்கும்போது சுடச் சொல்கிறார்கள். நெஞ்சு படபடக்கும்போது விரலின் நுணுக்கம் போய்விடும். பார்வை குறுகி எதிரில் இருப்பது மட்டும் தெரியும், காது மந்தமாகும். அந்த நிலையிலும் கை தானாகச் சரியாக வேலை செய்யவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை தடவை.

அடுத்தது வண்டி. காருக்குள் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். தாக்குதல். அவனுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம்: வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் ஓட்டிக்கொண்டு அங்கிருந்து போய்விடு. முடியாவிட்டால்தான் இறங்கவேண்டும். பெல்ட்டைக் கழற்றுவதையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். பதற்றத்தில் பெல்ட்டோடு இறங்கப் பார்ப்பவர்கள் உண்டு. கார் கதவு வெறும் தகரம், கைத்துப்பாக்கித் தோட்டாவே அதைத் துளைத்துவிடும். ஓரளவு நம்பிப் பதுங்கலாம் என்றால் அது இன்ஜின் பக்கமும் சக்கரமும்தான். முன்கண்ணாடி வழியே சுட்டால் தோட்டா திசை மாறும். நம் ஹீரோக்கள் கார் கதவைத் திறந்து அதன் பின்னால் நின்று முழுப்படத்தையும் முடித்துவிடுகிறார்கள். சரி, அதை விடுங்கள். சினிமாதானே.

ஆனால் விடமுடியாதது ஒன்று உண்டு. மைதானத்தில் அட்டை மனிதர்கள் நிற்பார்கள். எல்லா அட்டையும் எதிரி இல்லை. சில அட்டைகளுக்கு வேறு நிறம், அல்லது காலியான கைகள் வரைந்திருக்கும். அவை சுடக்கூடாத அட்டைகள். வேண்டுமென்றே எதிரி அட்டையைப் பாதி மறைத்தபடி அதை நிறுத்துவார்கள். ஐ.பி.எஸ்.சி.யில் எதிரி அட்டையின் நடுவில் பட்டால் 5 புள்ளி. சுடக்கூடாத அட்டையில் பட்டால் 10 புள்ளி போய்விடும். ஐ.டி.பி.ஏ.யில் ஒவ்வொரு தவறான அடிக்கும் உங்கள் நேரத்தில் 5 விநாடி கூடும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்கிற ஆட்டத்தில் 5 விநாடி என்றால் ஆள் காலி. இது விளையாட்டுக் கணக்குதான். அப்பாவிக்கு என்ன விலை என்று ஒரு பயிற்சி முறை எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கூப்பர் சொன்ன நான்கு பாதுகாப்பு விதிகளில் நான்காவதும் இதே கவலைதான்: எதைச் சுடுகிறாய் என்று முதலில் உறுதி செய்துகொள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து.

செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவனுக்கு இது உடனே புரியும். நல்ல பீஸை ஆல்டரில் தள்ளினாலும் தப்பு, கெட்ட பீஸை பாக்ஸில் போட்டாலும் தப்பு. இரண்டுக்கும் திட்டு விழும். ஆனால் அங்கே ஆல்டர் போட்டுத் திருப்பித் தைக்கலாம்.

*

இப்போது 'தீரன்' படத்துக்கு வருகிறேன்.

ஹெச். வினோத் இயக்கிய இந்தப் படம் உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில் எடுக்கப்பட்டது. தொண்ணூறுகளின் மத்தியிலிருந்து சுமார் பத்து வருஷமாகத் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓர வீடுகளில் நடந்த கொலை, கொள்ளைகள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் தனிப்படை வடமாநிலங்களில் அலைந்து பவாரியா கும்பலைப் பிடித்தது. செத்தவர்கள் நிஜம், அவர்கள் வீட்டுப் பயம் நிஜம்.

படத்தின் பெரிய பலம் வேலையை வேலையாகக் காட்டியது. பயிற்சிக் காலத்திலிருந்தே தீரனின் உடம்பை நமக்குப் பழக்குகிறார்கள். அப்புறம் கைரேகை. கணினி உதவி இல்லாத காலத்தில் ஒரு கைரேகையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சிறைச்சாலைப் பதிவுகளைப் புரட்டுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் தூசியிலும் குளிரிலும் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பம் தூரத்தில், மேலிடத்தில் அலட்சியம். இதையெல்லாம் அவசரப்படாமல் காட்டிய தமிழ்ப் போலீஸ் படங்கள் குறைவு. அந்தப் பஸ் துரத்தல் காட்சியையே பாருங்கள். திலீப் சுப்பராயனின் சண்டை அமைப்பில் ஒவ்வொரு அடிக்கும் எடை இருக்கிறது. வண்டியின் வேகம், பிடி நழுவும் கை, மூச்சு எல்லாம் தெரிகிறது. மேலே நான் சொன்ன பயிற்சியின் உடம்புப் பகுதியையும் வண்டிப் பகுதியையும் இந்தப் படம் புரிந்துகொண்டிருக்கிறது.

விட்டது மூன்றாவது பகுதியை. இந்தப் படத்தின் மைதானத்தில் சுடக்கூடாத அட்டையே இல்லை.

கைரேகையைத் தேடும்போது படம் ஒரு தனி மனிதனைத் தேடுகிறது. இந்த ரேகை இவனுடையதா, இல்லையா? இல்லை என்றால் அடுத்த தாள். அதுதான் உறுதி செய்துகொள்வது. ஆனால் கும்பல் யார் என்று தெரிந்ததும் ஒரு அனிமேஷன் பகுதி வருகிறது. அந்தச் சமூகத்தின் வரலாற்றையே வேட்டையிலிருந்து கொலைவரை ஒரு நேர்கோடாக வரைந்து காட்டிவிடுகிறது. தனி மனிதனின் ரேகை அங்கே அழிந்து போகிறது. அதற்கப்புறம் வரும் கிராமத்துக் காட்சியில் ஊரே திரண்டு போலீஸைத் தாக்குகிறது. பிரமாதமாக எடுக்கப்பட்ட காட்சி, இப்போது பார்த்தாலும் எனக்குக் கை வியர்க்கும். ஆனால் அந்த ஊரில் கதவுக்குப் பின்னால் பயந்துபோய் நிற்கிற ஒரு கிழவியோ, தன் மகன் இந்தத் தொழிலுக்குப் போகக்கூடாது என்று நினைக்கிற ஒரு அப்பனோ நம் மனதில் நிற்கும்படி வருவதில்லை. எல்லா அட்டையும் ஒரே நிறம்.

ஒரு சமூகத்தையே இப்படி ஒரே நிறத்தில் வரைவது புதிதில்லை. 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிச் சட்டம் என்று ஒன்று போட்டான். பிறப்பே குற்றம் என்ற சட்டம். 1952ல்தான் அது நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் வடக்கத்திச் சமூகங்கள் மட்டும் இல்லை. நம் பிறமலைக் கள்ளர்களும் இருந்தார்கள். கைரேகைப் பதிவுக்கு வரமாட்டோம் என்று எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். அதே கைரேகைதான். ஒரு இடத்தில் குற்றவாளியைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது, இன்னொரு இடத்தில் ஒரு ஊரையே குற்றவாளியாக்குகிறது.

*

எல்லாத் தமிழ்ப் படமும் இப்படித்தானா என்றால், இல்லை.

லோகேஷ் கனகராஜின் 'கைதி'யை (2019) எல்லாரும் கடைசியில் வரும் அந்தப் பெரிய இயந்திரத் துப்பாக்கிக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஜார்ஜ் மரியான் செய்த கான்ஸ்டபிள் நெப்போலியன். கமிஷனர் ஆபீசில் ஒரு வயதான போலீஸ்காரர், கூடவே சில காலேஜ் பிள்ளைகள். வெளியே கொலைகாரக் கூட்டம். அவர் என்ன செய்கிறார்? கதவை அடைக்கிறார், கிடைத்ததை எல்லாம் இழுத்துப் போட்டு வழியை மறிக்கிறார். தற்காப்பு என்ற சொல்லுக்குத் தமிழ் சினிமாவில் இதைவிட நேர்மையான காட்சி எனக்குத் தெரியாது. அவருக்குத் தான் யாரைக் காப்பாற்றவேண்டும் என்பது தெரிகிறது. அதே படத்தில் கார்த்தி ஓட்டும் லாரியின் பின்னால் மயங்கிக் கிடக்கும் நாற்பது போலீஸ்காரர்களும் அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் உயிர் நமக்கு நினைவில் இருக்கிறது. தோட்டா பறக்கிற கடைசிக் காட்சியில் படம் அந்தக் கவனத்தைத் தொலைத்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) இன்னும் ஒரு படி மேலே போகிறது. சூரி செய்த குமரேசன் ஒரு போலீஸ் டிரைவர். கரடி தாக்கிய பெண்ணை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அதற்குத் தண்டனை, மன்னிப்புக் கேள் என்கிறார் அதிகாரி. வண்டி எதற்கு என்பதில் அவனுக்கும் படைக்கும் இருக்கும் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. கடைசியில் அவன் துப்பாக்கியோடு சந்துகளிலும் கூரைகளிலும் ஓடும்போது நாம் கைதட்ட முடியாமல் திணறுகிறோம். அதே நேரத்தில் ஊர்ப் பெண்கள் போலீஸ் பிடியில் வதைபடுகிறார்கள், அவர்களைக் காப்பாற்றத்தான் இவன் ஓடுகிறான், சுடுகிறான். யார் எதிரி அட்டை, யார் சுடக்கூடாத அட்டை என்ற கேள்வி அவன் முகத்திலேயே ஓடுகிறது.

*

இதையெல்லாம் போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிற என் சித்தி பையனிடம் சொன்னேன். காலையில் ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடுகிறவன். 'தீரன்' பார்த்துத்தான் அந்த ஆசையே வந்தது. கடுப்பாகிவிட்டான்.

"அண்ணா, உங்களுக்கு என்ன, ஏசில உக்காந்து எழுதுவீங்க. அந்த வீட்டுக்குள்ள பெரியம்மா தூங்கிட்டு இருந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

ஏசியெல்லாம் இல்லை என்பதை விட்டுவிடலாம். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வீட்டுக்குள் தூங்கியவர்களின் மரணத்தைக் கண்ணைத் திருப்பாமல் காட்டியதுதான் 'தீரன்' படத்தின் நேர்மை. துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "2018 மே 22 ஞாபகம் இருக்கா?"

தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் வேன் மேல் ஏறி நின்று ரைபிளால் குறிபார்க்கும் ஒருவரின் காட்சியை நாம் எல்லாரும் மொபைலில் பார்த்தோம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. தப்பி ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. வேன், உயரம், குறி, பயிற்சி எல்லாம் அங்கே இருந்தது. அந்த மைதானத்தில் நின்றவர்களில் சுடக்கூடாதவர்கள் யார் என்று பார்க்கிற கண்தான் இல்லை.

ஒரு சினிமாதான் அதற்குக் காரணம் என்று சொன்னால் அது முட்டாள்தனம். நான் சொல்வது இவ்வளவுதான்: காலை ஐந்து மணிக்கு ஓடுகிற ஆயிரக்கணக்கான தம்பிகளுக்கு முதல் வாத்தியார் சினிமா. ஹவில்தார் அப்புறம்தான் வருவார். அந்த முதல் வாத்தியார் பாதிப் பாடத்தை விட்டுவிட்டால் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியது விமர்சனத்தின் வேலை. தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் கிளம்பிப் போகவும் இல்லை, டீ முடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

*

2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. எங்கோ யாரோ அடித்துக்கொண்ட பழைய காட்சிகளுக்குத் திருப்பூர் என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். ஜனவரியில் இங்கே ஒரு கம்பெனி வாசலில் நடந்த அடிதடி வீடியோவை வைத்து ஏற்கெனவே ஊர் சூடாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு கூட்டம். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர்வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது.

நம்ம ஆள் பீகார் இல்லை, ஒடிசா. தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்தவன், லாரியில் இல்லை. ஆனால் வதந்திக்கு மாநிலம் தெரியாது. இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஷிப்மெண்ட் நெருக்கடி ஒருபக்கம், எனக்குப் பயம் ஒருபக்கம். ராத்திரி ஒன்பதரைக்கு லைன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். கரண்ட் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவைத் தட்டிவிட்டேன். எவ்வளவு மடத்தனம் என்று அப்போது தோன்றவில்லை.

உள்ளே சத்தம் நின்றது. ஜன்னல் ஓரமாக நிழல் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில் கேட்டான்:

"யாரு?"

பேர் சொன்னேன். "ஹெல்மெட் எடுங்கண்ணா" என்றான். எடுத்தேன். மொபைல் வெளிச்சத்தை முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பையன்கள். அவன் வலது கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரி இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"டீ போடட்டுமா அண்ணா?" என்று கேட்டான்.